ஃபில்லெட் வெல்டு அளவு: தடித்த பிளேட் ஒன்று கேட்கும், மெல்லிய விளிம்பு வேறொன்று கேட்கும்

'வெல்டு எல்லாம் 6 மி.மீ. ஃபில்லெட், வேறு குறிப்பிடாத இடங்களில்' என்று டிராயிங்கின் பொதுக்குறிப்பில் ஒரே வரியில் எழுதிவிடும் பழக்கம் ஸ்ட்ரக்சுரல் வேலைகளில் ஊறிப்போய்விட்டது. ஃபில்லெட் என்பது இரண்டு பிளேட் சந்திக்கும் மூலையை முக்கோணமாக நிரப்பும் வெல்டு; பிளேட்டில் படியும் அதன் பக்க நீளம்தான், அதாவது லெக்தான், அதன் அளவு. டிராயிங்கின் அந்த ஒரு வரியை நம்பி வேலை இறங்கினால், தூணுக்கு அடியில் வரும் 40 மி.மீ. பேஸ் பிளேட்டில் அந்த 6 போதாது. 6 மி.மீ. தடிமனுள்ள ஆங்கிளின் (எல் வடிவ இரும்பு) நுனியில் அதே 6 அதிகம். இரண்டு இடத்திலும் வெல்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண் எழுதப்பட்டபோதே தவறு நடந்துவிட்டது.

ஃபில்லெட் வெல்டின் கீழ் வரம்பைப் பெரும்பாலும் இணைப்பில் இருக்கும் தடித்த பிளேட் தீர்மானிக்கிறது. மேல் வரம்பை மெல்லிய பிளேட் தீர்மானிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மிஞ்சும் இடத்தில்தான் பலக் கணக்குக்கு வேலை. டிசைனர்கள் பலர் பலக் கணக்கை முதலில் போட்டு, வந்த எண்ணை அப்படியே டிராயிங்கில் ஏற்றுகிறார்கள். வரிசையை மாற்றி, முதலில் வரம்புகளைப் பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் டிராயிங் மேசையிலேயே தீரும்.

முதலில் கீழ் வரம்பு. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான (கோடு) ஐ.எஸ். 800:2007-இன் 21-ஆம் அட்டவணை சொல்வது இது: தடித்த பகுதி 10 மி.மீ. வரை இருந்தால் குறைந்தது 3 மி.மீ. வெல்டு, 10-க்கு மேல் 20 வரை 5, 20-க்கு மேல் 32 வரை 6, 32-க்கு மேல் 50 வரை முதல் ரன் (ஒரு தடவை ஓட்டும் அடுக்கு) 8, முடிந்த வெல்டு 10. இந்த எண்களுக்கும் இணைப்பில் வரும் சுமைக்கும் சம்பந்தமே இல்லை. சுமை வெறும் 5 கிலோ நியூட்டனாக இருந்தாலும் 25 மி.மீ. பிளேட்டில் 6 மி.மீ.க்குக் குறைந்து போடக்கூடாது.

காரணம் வெப்பம். தடித்த பிளேட் வெல்டின் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். சின்ன வெல்டில் இறங்கும் சூடும் குறைவு. ஆகவே வெல்டை ஒட்டிய பகுதி சில நொடிகளில் குளிர்ந்து கடினமாகிறது. வெல்டிங் ராடின் பூச்சிலோ பிளேட்டின் துரு, எண்ணெய், ஈரத்திலோ இருந்து வந்த ஹைட்ரஜன் அந்தக் கடினமான பகுதியில் சிக்கிக்கொள்ளும். வெல்டு சுருங்கும்போது தடித்த பிளேட் வளைந்து கொடுக்காது. கடினத்தன்மை, ஹைட்ரஜன், இழுவிசை மூன்றும் ஒன்று சேர்ந்தால் விரிசல். இது வெல்டு போட்ட கையோடு தெரிவதில்லை. ஆறி, சில மணி நேரம் கழித்தும் திறக்கும். பல சமயம் பிளேட்டுக்குள்ளேயே, வெல்டின் அடியில் ஓடும், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது. அட்டவணையில் உள்ள குறைந்தபட்ச அளவு, 'இவ்வளவு சூடாவது உள்ளே இறங்கட்டும்' என்பதற்கு எளிதில் அளக்கக்கூடிய ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் அந்த அட்டவணையின் தலைப்பில் 'முதல் ரன் அல்லது ஒற்றை ரன்' என்று ஏன் இருக்கிறது என்பதும் புரியும். 40 மி.மீ. பேஸ் பிளேட்டில் 10 மி.மீ. வெல்டு வேண்டும் என்றால், மெல்லிய ராடால் 4 மி.மீ. ரன்களாக அடுக்கிக் கடைசியில் கேஜில் 10 காட்டினால் விதி நிறைவேறிவிடாது. முதல் ரன் போட்ட நிமிடமே, அது 4 மி.மீ. வெல்டாகத்தான் குளிர்ந்தது. விரிசல் வருவதாக இருந்தால் அங்கேயே வந்திருக்கும். மேலே போட்ட ரன்கள் அதை மூடி மறைக்க மட்டுமே உதவும். இன்ஸ்பெக்டர் முடிந்த வெல்டை மட்டும் அளக்கிறார் என்றால் இந்தப் பிழை அவர் கைக்குச் சிக்காது. முதல் ரன் முடிந்ததும் ஒரு முறை நின்று பார்ப்பதுதான் வழி.

பிளேட்டுகளைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தப் போடும் டாக் வெல்டுக்கும் இதே ஆபத்து உண்டு. ஃபிட்டர் குளிர்ந்த 36 மி.மீ. பிளேட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு டாக் அடிக்கிறார். அட்டவணை விலக்கச் சொன்ன அதே நிலைமை அங்கே உருவாகிறது. அந்த டாக் பிறகு பெரிய வெல்டுக்குள் போய்விடும், ஆனால் முழுவதும் உருகிக் கலக்கும் என்று உறுதியில்லை. தடித்த பிளேட்டில் டாக் அடிக்கும் இடத்தையும் சூடாக்கி, உலர்ந்த லோ ஹைட்ரஜன் ராடால் (ஹைட்ரஜன் குறைவாக விடும் பூச்சு உள்ளது) நீளமாகவே அடிக்க வேண்டும். விரிசல் விட்ட டாக்கைக் கிரைண்டரால் முழுக்க எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அட்டவணையின் கீழுள்ள இரண்டு குறிப்புகளைப் பலரும் படிப்பதே இல்லை. அட்டவணை கேட்கும் அளவு மெல்லிய பகுதியின் தடிமனைவிட அதிகமாகிவிட்டால், மெல்லிய பகுதியின் தடிமனே குறைந்தபட்ச அளவு; ஆனால் அப்போது தடித்த பகுதியை ப்ரீஹீட் செய்தாக வேண்டும், அதாவது வெல்டுக்கு முன் சூடாக்க வேண்டும். உதாரணமாக 40 மி.மீ. பேஸ் பிளேட்டின் மேல் 8 மி.மீ. ஸ்டிஃப்னர் (விறைப்புக்காக வைக்கும் தகடு). அட்டவணை 10 கேட்கிறது, ஸ்டிஃப்னரோ 8. வெல்டு 8 போதும், பிளேட்டைச் சூடாக்கு என்கிறது குறிப்பு. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. இன்னொரு குறிப்பு: 50 மி.மீ.க்கு மேல் போனால் அட்டவணை கைவிட்டுவிடும். ப்ரீஹீட் போன்ற தனி ஏற்பாடுகள் வேண்டும். சூடாக்கும்போது டார்ச்சை வெல்டு வரும் கோட்டில் மட்டும் காட்டிவிட்டு எடுத்தால் அது ப்ரீஹீட் ஆகாது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கோடான ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது: வெல்டு செய்யும் இடத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் பிளேட்டின் தடிமன் அளவுக்கு, குறைந்தது 75 மி.மீ. தூரத்துக்கு அந்த வெப்பம் இருக்க வேண்டும். வெப்பம் காட்டும் சாக்பீஸை அந்தத் தூரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

ஏற்றுமதி வேலை செய்யும் ஷாப்களில் ஏ.டபிள்யூ.எஸ். டிராயிங்தான் அதிகம் வரும். அங்கே எண்கள் வேறு: 6 மி.மீ. வரை 3, 12 வரை 5, 20 வரை 6, அதற்கு மேல் 8. எண்ணைவிட முக்கியமான வேறுபாடு, எந்தப் பிளேட்டைப் பார்ப்பது என்பதில் இருக்கிறது. லோ ஹைட்ரஜன் முறையில் வெல்டு செய்தால், அல்லது முறைப்படி ப்ரீஹீட் செய்தால், மெல்லிய பிளேட்டைப் பார்த்தால் போதும். ப்ரீஹீட் இல்லாமல் சாதாரண ராடு என்றால் தடித்த பிளேட்டைப் பார்க்க வேண்டும், வெல்டும் ஒற்றைப் பாஸில் வர வேண்டும். 25 மி.மீ. பிளேட்டோடு 10 மி.மீ. பிளேட்டை இணைத்தால் ஐ.எஸ். 800 படி 6. ஏ.டபிள்யூ.எஸ். படி லோ ஹைட்ரஜனில் 5, சாதாரண ராடில் 8. ஒரே இணைப்புக்கு மூன்று விடை. ஆகவே எந்தக் கோடு (தரவிதி) என்று டிராயிங்கில் பார்க்காமல் பழக்கத்தில் எண் சொல்வது ஆபத்து.

லோ ஹைட்ரஜன் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. 7018 என்ற லோ ஹைட்ரஜன் ராடு பெட்டியைத் திறந்து மழைக்காலத்தில் சென்னை, தூத்துக்குடி பக்கத்து ஈரக்காற்றில் ஷிஃப்ட் முழுக்க வெளியே கிடந்தால், பூச்சு ஈரம் குடித்துவிடும். பெட்டியில் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் வெப்பத்துக்கு ஓவனில் காயவைத்து, கையடக்க ஓவனில் சூடாகவே வெல்டர் பக்கத்தில் வைத்து, வேண்டும்போது ஒன்றிரண்டாக எடுப்பது அவசியம். இது நடக்காத ஷாப்பில் குறைந்த அளவுச் சலுகையை எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி மேல் வரம்பு. பிளேட்டின் சதுர விளிம்பில் வெல்டு போட்டால், ஐ.எஸ். 800 படி வெல்டின் அளவு விளிம்பின் தடிமனைவிடக் குறைந்தது 1.5 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். ஆங்கிள், சேனல் போன்றவற்றின் உருண்ட நுனியில், நுனித் தடிமனில் முக்கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. ஏ.டபிள்யூ.எஸ்., ஒரு பிளேட் இன்னொன்றின் மேல் படியும் லேப் ஜாயின்டில், 6 மி.மீ.க்குக் குறைந்த பிளேட்டுக்கு முழுத் தடிமனை அனுமதிக்கிறது; 6 அல்லது அதற்கு மேல் என்றால் 2 மி.மீ. குறைக்கச் சொல்கிறது.

விளிம்பின் மேல் முனை வெல்டுக்குள் உருகி வழிந்துவிடக்கூடாது என்பதுதான் நோக்கம். முனை உருகிவிட்டால் லெக் எங்கே தொடங்கியது என்று கேஜ் வைத்துச் சொல்ல முடியாது. 8 மி.மீ. பிளேட்டின் விளிம்பு உருகி 6.5 ஆகிவிட்டது, வெல்டு அந்த மட்டம் வரை நிரம்பியிருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு 'முழு 8' என்று தெரியும். உண்மையில் லெக் 6.5; மூலையிலிருந்து வெல்டின் முகம் வரை உள்ள மிகக் குறுகிய தூரமான த்ரோட் (சாதாரணமாக லெக்கின் 0.7 மடங்கு) அதற்கேற்பக் குறைவு. வெல்டுக்கு மேலே உருகாத விளிம்பு ஒரு கோடாகத் தெரிந்தால்தான் அளந்ததை நம்பலாம்.

இரண்டு வரம்பும் ஒன்றையொன்று நெருக்கும் இடம் ட்ரஸ், பிரேசிங் வேலைகளில் தினமும் வருகிறது. ஐ.எஸ்.ஏ. 75×75×6 ஆங்கிளை (75 மி.மீ. கைகள், 6 மி.மீ. தடிமன்) 12 மி.மீ. குசெட்டில் (இணைப்புத் தகட்டில்) இணைக்கிறோம் என்று வையுங்கள். குசெட் 10-க்கு மேல், ஆகவே குறைந்தது 5 வேண்டும். ஆங்கிளின் நுனி உருண்டது, 6-இல் முக்கால் 4.5, அதற்கு மேல் போகக்கூடாது. 5-க்குக் குறையக்கூடாது, 4.5-க்கு மேல் கூடாது! நுனிப் பக்கத்தில் சரியான எண் என்று ஒன்றே இல்லை. டிராயிங்கில் 6 என்று எழுதியிருப்பார்கள். வெல்டரும் 6 போடுவார், நுனி உருகி ஓடும், கேஜும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும்.

இங்கே வழி மூன்று. குசெட்டை 10 மி.மீ. ஆக்கலாம், குறைந்தபட்சம் உடனே 3-க்கு இறங்கிவிடும். ஆங்கிளை 8 மி.மீ. ஆக்கலாம், நுனியில் 6 வரை போகலாம். இல்லாவிட்டால் 12 குசெட்டையே வைத்து, ப்ரீஹீட்டும் உலர்ந்த லோ ஹைட்ரஜன் ராடும் வெல்டிங் செயல்முறைத் தாளான டபிள்யூ.பி.எஸ்.இல் எழுதி, 4.5 போடலாம், அட்டவணை ப்ரீஹீட் இல்லாத நிலைக்குத்தான் எழுதப்பட்டது. மூன்றில் குசெட்டை 10 ஆக்குவது, பலம் இடம் கொடுத்தால், மலிவானது. 10 மி.மீ. குசெட்டிலும் அளவை 4-க்கு இறக்கிவிட முடியாது. த்ரோட் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று ஐ.எஸ். 800 தனியாகச் சொல்கிறது. 4-இன் த்ரோட் 2.8 தான். 4.5 என்றால் 3.15, தப்பிவிடும். ஆக, 6 மி.மீ. ஆங்கிளின் நுனிக்கு 4.5 ஒன்றுதான் இடம்.

அதற்கு நீளம் போதுமா என்று கணக்குப் பார்க்கலாம். இந்த ஆங்கிளின் பரப்பு 866 சதுர மி.மீ.; இ250 ஸ்டீலில் (நிரந்தரமாக நீளத் தொடங்கும் யீல்டு வலிமை 250 மெகாபாஸ்கல்) முழு யீல்டு தாங்குதிறன், பாதுகாப்புக் காரணி 1.1 போக, 866×250/1.1, ஏறத்தாழ 197 கிலோ நியூட்டன். பிளேட்டின் இறுதி வலிமை 410 என்றால், ஷாப் வெல்டுக்கு, பாதுகாப்புக் காரணி 1.25 போக, 410/√3/1.25, அதாவது 189 மெகாபாஸ்கல். ஆங்கிளின் பரப்பு மையமான சென்ட்ராய்டு முதுகிலிருந்து 20.6 மி.மீ.; ஆகவே முதுகுப் பக்கம் சுமார் 143, நுனிப் பக்கம் 54 கிலோ நியூட்டன். நுனியில் 4.5 மி.மீ. வெல்டு ஒரு மி.மீ.க்கு சுமார் 596 நியூட்டன் தாங்கும், 91 மி.மீ. நீளம் வேண்டும். முதுகுப் பக்கம் உருண்ட நுனி கிடையாது, அங்கே 6 மி.மீ. போடலாம்; மி.மீ.க்கு 795 நியூட்டன், 180 மி.மீ. நீளம். இது பயனுள்ள நீளம். டிராயிங்கில் எழுதும்போது இரண்டு முனைக்கும் சேர்த்து அளவின் இரண்டு மடங்கைக் கூட்ட வேண்டும்: நுனியில் 100, முதுகில் 192, நடைமுறைக்கு 195. முனைகளில் வெல்டை நிறுத்தாமல் அளவின் இரண்டு மடங்கு தூரம் சுற்றித் திருப்ப வேண்டும். ஒரே ஆங்கிளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அளவு எழுதுவது அதிக வேலை என்று டிராஃப்ட்ஸ்மேன் நினைக்கலாம். ஆனால் அப்படி எழுதினால்தான் வெல்டர் கையால் அதைச் செய்ய முடியும்.

'கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், பலம்தானே' என்ற எண்ணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வெல்டின் குறுக்குப் பரப்பு லெக்கின் வர்க்கத்தில் பாதி. 6-க்கு 18 சதுர மி.மீ., 8-க்கு 32. பலம் 33 சதவீதம் கூடுகிறது, உலோகம் 78 சதவீதம் கூடுகிறது. பிளேட்டுகளைச் சேர்த்துச் செய்யும் 12 மீட்டர் பில்ட்அப் கர்டரில் நான்கு வெல்டு வரிசை, மொத்தம் 48 மீட்டர். 6 போட்டால் சுமார் 6.8 கிலோ உலோகம், 8 போட்டால் 12 கிலோ. ராடின் முனை, ஸ்லாக், தெறிப்பு இதில் சேரவில்லை. அத்தோடு சூடும் கூடி, மெல்லிய ஃபிளேஞ்ச் (மேல், கீழ்த் தகடு) இரண்டு பக்கமும் வெப் (நடுவில் நிற்கும் தகடு) பக்கமாக மடங்கும். அதை நிமிர்த்த இன்னொரு நாள். நீளத்தைக் கூட்ட இடம் இருந்தால் அளவைத் தொடாமல் நீளத்தைக் கூட்டுவதே நல்லது. ஆனால் இணைப்பின் நீளம் த்ரோட்டின் 150 மடங்கைத் தாண்டினால் பலத்தைக் குறைத்துக் கணக்கிட வேண்டும், 6 மி.மீ. வெல்டுக்கு அந்த எல்லை 630 மி.மீ.

ஒரே பாஸில் எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்பதும் ஒரு வரம்புதான். ஏ.டபிள்யூ.எஸ்.இன் முன்தகுதி பெற்ற (தனிச் சோதனை இல்லாமலே ஏற்கப்படும்) முறைகளில், கை ராடுக்கு ஹரிசான்டல் நிலையில் 8 மி.மீ., ஃபிளாட்டில் 10, வெர்ட்டிக்கலில் 12, ஓவர்ஹெட்டில் 8. ஹரிசான்டலில் அதற்கு மேல் ஆசைப்பட்டால் உலோகம் கீழே சரியும்: மேல் லெக் குட்டையாகி அண்டர்கட் (வெல்டின் ஓரத்தில் பிளேட்டில் பள்ளம்) விழும், கீழ் லெக் நீண்டு ஓவர்லாப் (உருகி ஒட்டாமல் மேலே படிவது) ஆகும். கீழ் லெக் 11, மேல் லெக் 7 என்றால் வெல்டின் அளவு 7. சிறிய லெக்தான் கணக்கு.

ஃபிட்டப் இடைவெளி இந்த எல்லா எண்களையும் கவிழ்க்கக்கூடியது. பிளேட் இரண்டும் ஒட்டாமல் 3 மி.மீ. இடைவெளியோடு 6 மி.மீ. லெக் போட்டால், அதில் 3 இடைவெளிக்கே போய்விட்டது. ஏ.டபிள்யூ.எஸ். படி இடைவெளி 2 மி.மீ.யைத் தாண்டினால் அந்த இடைவெளி அளவை லெக்கோடு கூட்ட வேண்டும்: 6-க்கு 9. சாதாரணத் தடிமனில் 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. பிரித்துத் திரும்பப் பொருத்த வேண்டும். இடைவெளிக்குள் கம்பித் துண்டையோ ராடு துண்டையோ திணித்து மேலே வெல்டு ஓட்டுவது குற்றம் என்றே சொல்வேன். வெளியே அழகான வெல்டு தெரியும், உள்ளே மூலையில் (ரூட்டில்) இணைப்பே இருக்காது. இடைவெளியை வெல்டு போட்ட பிறகு யாரும் அளக்க முடியாது. டாக் முடிந்ததும் ஃபீலர் கேஜால் பார்த்து, எண்ணை பிளேட்டின் மேலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

ஐரோப்பிய டிராயிங் வந்தால் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். இசட் என்றால் லெக், ஏ என்றால் த்ரோட். 'ஏ5' என்பது 7 மி.மீ. லெக். அதை 5 மி.மீ. லெக் என்று போட்டால் கேட்ட பலத்தில் முப்பது சதவீதம் காணாமல் போகும்.

பிளேட்டுகள் 90 டிகிரிக்கு மேல் விரிந்து சந்தித்தால் த்ரோட்டுக்கு 0.7 பொருந்தாது. 60 முதல் 90 டிகிரி வரை 0.7, 91–100-க்கு 0.65, 101–106-க்கு 0.6, 107–113-க்கு 0.55, 114–120-க்கு 0.5. சாய்ந்த ஸ்டிஃப்னரின் விரிந்த பக்கம் 110 டிகிரி என்றால், 8 மி.மீ. வெல்டு 4.4 த்ரோட்தான் தரும். இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது ஹாப்பர், ஷூட் வேலைகளில் அதிகம்.

சைட்டில் போடும் வெல்டுக்குப் பாதுகாப்புக் காரணி 1.25-க்குப் பதில் 1.5. சைட்டில் 6 மி.மீ. போட்டால் கிடைக்கும் கணக்குப் பலமும் ஷாப்பில் 5 மி.மீ. போட்டால் கிடைப்பதும் சரிசமம், இரண்டும் மி.மீ.க்கு 663 நியூட்டன். ஷாப்பில் செய்ய வேண்டிய இணைப்பை லாரி வசதிக்காகச் சைட்டுக்கு மாற்றும்போது இந்த எண்ணையும் மாற்ற வேண்டும், யாரும் மாற்றுவதில்லை.

அளக்கும்போது, வெல்டின் முகம் குவிந்திருந்தால் லெக்கை அளக்க வேண்டும், குழிந்திருந்தால் த்ரோட்டை. ஃபில்லெட் கேஜின் ஒவ்வொரு தகட்டிலும் இரண்டுக்கும் தனி வடிவம் வெட்டியிருக்கும். இரண்டு லெக்கும் 8 காட்டும் குழிந்த வெல்டில் த்ரோட் 4.5 என்றால், அது 6.4 மி.மீ. வெல்டு, 8 இல்லை. கார்பன் டை ஆக்சைடு வெல்டிங்கில் வேகமாக இழுக்கும்போது இது அடிக்கடி வருகிறது.

அளவு குறைந்துபோன வெல்டு எல்லாவற்றையும் வெட்டி எறியத் தேவையில்லை. ஏ.டபிள்யூ.எஸ். 5 மி.மீ. வெல்டில் 2 வரையும், 6-இல் 2.5 வரையும், 8-உம் அதற்கு மேலும் 3 வரையும் குறைவை அனுமதிக்கிறது, ஆனால் மொத்த நீளத்தில் பத்து சதவீதத்துக்கு மிகாமல். கர்டரில் வெப்–ஃபிளேஞ்ச் வெல்டின் இரு முனைகளிலும், ஃபிளேஞ்ச் அகலத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்கு, இந்தச் சலுகை கிடையாது. அனுமதித்த அளவுக்கு மேல் குறைந்தால் ஸ்லாக், பெயின்ட், துருவை முழுக்க நீக்கி, இன்னொரு ரன் சேர்க்க வேண்டும். தடித்த பிளேட்டில் அந்தச் சின்ன ரன்னும் குளிர்ந்த இரும்பின் மேல் போடும் சின்ன வெல்டுதான். ஆகவே அதற்கும் ப்ரீஹீட், உலர்ந்த ராடு இரண்டும் வேண்டும். ரன் சேர்க்கும் முன் பழைய வெல்டில் விரிசல் இல்லை என்று டை பெனட்ரன்ட் அல்லது மேக்னடிக் பார்டிக்கிள் சோதனையால் பார்த்துவிடுங்கள். அளவு மீறிப் பெரிதான வெல்டை, விளிம்பு உருகாமலும் பொருள் கோணாமலும் இருந்தால், அப்படியே விட்டுவிடலாம். கிரைண்டர் போட்டுக் குறைக்கப் போனால் பக்கத்துப் பிளேட்டில் வெட்டு விழுவதுதான் மிச்சம்.